இரண்டாம் முறை வந்த ரிலீஸ்

கம்ப்யூட்டரில் செய்திகளைப் பூட்டி அனுப்பும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேச என்னைக் கூப்பிடும்போதெல்லாம், கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்டுவிடுவார்: "மேடம், ஒரு செய்தி நம்ம சாவிக்குத் திறந்துடுச்சுன்னா, அதை நம்ம ஆள்தான் பூட்டியிருக்கணும். அப்புறம் என்ன சந்தேகம்?"

நல்ல கேள்விதான். அதற்கு நான் படம் போட்டு விளக்கம் சொல்வதில்லை. தொண்ணூற்றொன்றாம் வருட மழைக்காலத்தில் ஒரு மதியம் நடந்ததைச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அப்போது நான் மண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தகவல் தொடர்பு அறையில் இருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு சலைன் பாட்டில் செய்கிற கம்பெனி. ஊரில் குளுக்கோஸ் கம்பெனி என்பார்கள். பாட்டில் நிரப்புவது இங்கே, பரிசோதனைக்கூடம் மெட்ராஸில். ஒவ்வொரு பேட்ச்சும் அங்கே தேறிய பிறகுதான் இங்கே கேட்டைத் தாண்டலாம். தேறியதா இல்லையா என்ற செய்தியை மெட்ராஸிலிருந்து இங்கே கொண்டுவருவது என் வேலை.

டெலிபோன் இருந்தது. தூறல் விழுந்தால் செத்துவிடும். அதனால் ரேடியோ வைத்தார்கள். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர், இங்கே ஒரு கம்ப்யூட்டர், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் வாடகைக்கு ஒரு ரிலே பெட்டி. மெட்ராஸ் அனுப்புவதை ரிலே வாங்கி, கரண்ட் போனாலும் அழியாமல் வைத்துக்கொண்டு, எங்களுக்கு அனுப்பும். நாங்கள் 'வந்தது' என்று பதில் போடுவோம். அந்தப் பதில் ரிலேவுக்குக் கிடைக்காவிட்டால், செய்தி எங்களுக்கு வரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். சில செய்தி வரும், சில வராது, சில முன்பின்னாக வரும். உங்கள் காலத்து நெட்வொர்க்கும் இதைத்தான் செய்கிறது. அதன் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நாங்கள் அதன் வீட்டுக்காரருக்கு மாதாமாதம் வாடகை கொடுத்தோம்.

ரேடியோவில் வருவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எவனோ ஒருவன் வேடிக்கைக்கு 'ரிலீஸ்', அதாவது சரக்கை வெளியே விடலாம், என்று அனுப்பி, தேறாத மருந்து வெளியே போய்விட்டால்? அதனால் ஒவ்வொரு செய்தியையும் ஒரு பதிவாக எழுதி, சங்கேதமாக்கி, பூட்டித்தான் அனுப்பினோம். சாவி இரண்டு கம்ப்யூட்டரில் மட்டும். திறந்தால் நம்முடையது, திறக்காவிட்டால் எங்கள் புரோகிராம் அதைக் குப்பை என்று சொல்லி ஒதுக்கிவிடும். மழையில் பாதி குப்பைதான்.

முதலில் செய்த ஏற்பாட்டில், ஒரு பதிவைத் திறக்க அதற்கு முந்தைய பதிவும் வேண்டியிருந்தது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கொக்கி. ஒரு பெட்டி தொலைந்தால் பின்னால் வந்ததெல்லாம் திறக்காது. தினமும் தொலைந்தது. மெட்ராஸில் இருந்த எங்கள் பிரிவுத் தலைவர் கொக்கியைக் கழற்றினார். ஒவ்வொரு பதிவும் தனியாக நிற்கும், தனியாகத் திறக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

கொக்கி இருந்தவரை பழைய பதிவு ஒன்று மறுபடி வந்தால் அதுவும் கொக்கி பொருந்தாமல் திறந்திருக்காது. அந்த வசதியையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறோம் என்று காராசேவு தின்ற யாருக்கும் தோன்றவில்லை.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

காலையில் ஒரு பேட்ச்சுக்கு 'ரிலீஸ்' வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே பேட்ச்சுக்கு 'ஹோல்ட்' வந்தது. நிறுத்தி வை என்று அர்த்தம். காரணம் எழுதவில்லை, எழுதும் வழக்கமும் இல்லை. டெஸ்பாட்ச் மேனேஜர் பரந்தாமனிடம் சொன்னேன். அவர் அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். பிறகு மழை வலுத்தது. ஏரிப் பக்கம் கரண்ட் போய் ரிலே செத்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரி வேன் ஒன்று வந்து நின்றது. அதில் வந்தவர் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் துரைக்கண்ணு. ஐம்பது வயதிருக்கும். மாதாமாதம் வருகிறவர்தான், ஆனால் இது அவர் வரவேண்டிய நாளில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நாலு கிராமத்துல தண்ணி கெட்டுப்போச்சி மேடம். வாந்தி பேதி. வார்டு புல்லா புள்ளைங்க. பாயிலயும் போட்டாச்சி. ஸ்டாக்கு சாயங்காலம் வரிக்கும் தாங்காது."

அவருக்குத் தரவேண்டிய சரக்கு கயிற்றுக்குப் பின்னால் இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ரிலேவுக்கு உயிர் வந்தது. திரையில் ஒரு வரி விழுந்தது. அதே பேட்ச். ரிலீஸ்.

பரந்தாமன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "வந்துச்சா? சூப்பரு. டேய், கவுற அவுறுங்கடா!"

"இருங்க சார்," என்றேன்.

"இன்னா இருங்க? ஹோல்டுன்னாங்க, நிறுத்தினோம். இப்ப ரிலீஸுன்றாங்க, அனுப்பறோம். உங்க சாவிக்குத்தான மேடம் தொறந்துது?"

"திறந்தது. ஆனா இது இப்ப அனுப்பினதா, காலைல அனுப்பினதே மறுபடி வந்திருக்கான்னு தெரியல. காலைல நாம போட்ட பதில் ரிலேவுக்குக் கிடைக்காம இருந்திருக்கலாம். கரண்ட் வந்ததும் கையில இருந்த பழசைத் தூக்கி அனுப்பியிருக்கலாம்."

"டயம் போட்டிருக்குமே?"

தேதி மட்டும் போட்டிருந்தது. 1980, ஜனவரி முதல் தேதி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் கரண்ட் போய் வந்தால் அந்த நாளில்தான் கண் விழிக்கும். தினமும் கரண்ட் போனதில் மெட்ராஸ் கம்ப்யூட்டர் அந்த வாரம் முழுக்க எண்பதாம் வருடப் புத்தாண்டிலேயே இருந்தது.

பரந்தாமன் கெட்டவரில்லை. கத்துவார். கத்தியபடியே சரியான வேலையைச் செய்வார். அன்றைக்கும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் பிள்ளைகளை வார்டில் விட்டுவிட்டு வந்து நிற்கிறார். திரையில் ரிலீஸ் என்று எழுதியிருக்கிறது. அதை மறுத்துப் பேச என்னிடம் இருந்தது ஒரு 'இருக்கலாம்' மட்டும்.

டெலிபோனைத் தூக்கிப் பார்த்தேன். உயிரில்லை. ஆளை அனுப்பலாம் என்றால், பூந்தமல்லிக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர். போய்த் திரும்ப மாலை ஆகிவிடும். ரேடியோவில் மைக்கை மாட்டிப் பேசிவிடலாம். பெட்டிக்கு அந்த வசதி உண்டு. ஆனால் எங்கள் லைசென்ஸ் கம்ப்யூட்டர் தகவல் அனுப்ப மட்டும், பேச இல்லை. அந்த வருடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், ஒயர்லெஸ்ஸில் லைசென்ஸைத் தாண்டி ஒரு வார்த்தை பேசுவதை யாரும் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். அந்த மே மாதம்தான் முன்னாள் பிரதமரை அங்கே குண்டு வெடித்துக் கொன்றிருந்தார்கள், கொன்றவர்கள் ஒயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏரியலைப் பார்த்துவிட்டுப் போலீஸார் அதற்கு முன்பே பலமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

திரையில் இன்னொரு வரி விழுந்தது. ஹோல்ட்.

அடுத்தது. ரிலீஸ்.

"பாருங்க, திரும்ப ரிலீஸு!" என்றார் பரந்தாமன். "மூணு வாட்டி சொல்லிடுச்சி. நடுவுல ஹோல்டு ரெண்டு வாட்டிதான். இன்னும் இன்னா வோணும்?"

"ஒரே கடுதாசிய மூணு தடவ படிச்சா மூணு பேர் சொன்னதா ஆயிடாது சார்."

இதை நான் நிதானமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். துரைக்கண்ணு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஹோல்டு எதுக்கு மேடம் போடுவாங்க?" என்று கேட்டார்.

"காரணம் தெரியாது. காய்ச்சல் டெஸ்டா இருக்கலாம்."

அவருக்குப் புரிந்தது. அவர் தொழில் அது. சலைனில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருந்தால், ஏற்றியவுடன் நோயாளிக்குக் காய்ச்சல் வந்து, குளிர் எடுத்துக் கட்டில் ஆடும். வாந்தி பேதியில் காய்ந்து கிடக்கும் குழந்தைக்கு அது வந்தால் தாங்குமா என்று சொல்ல முடியாது.

"நான் பாத்துருக்கேன் மேடம், அந்த நடுக்கத்த," என்றார். "ரெண்டு பக்கமும் புள்ளைங்கதான். நான் இன்னான்னு சொல்றது? நீங்க எதுனா செய்ங்க. சீக்கிரம் செய்ங்க."

இளையவர்களே, நெருக்கடி என்றால் ஏதோ பெரிய சத்தம் என்று நினைக்கிறீர்கள். ஒரு நனைந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து 'சீக்கிரம் செய்யுங்கள்' என்று மெதுவாகச் சொல்வதும் அதுதான்.

எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்கிறேன். எந்தச் செய்தி பழசு, எது புதுசு என்று வருகிற செய்தியை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காலையில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒன்றை நான் இப்போது கேட்டு, அதை அவர்கள் பதிலில் திருப்பிச் சொன்னால், அந்தப் பதில் காலையில் எழுதியதாக இருக்க முடியாது. பதிவில் 'குறிப்பு' என்று ஓர் இடம் எப்போதும் காலியாகத்தான் போகும். அதில் எழுதிக்கொள்ளலாம்.

எந்த வார்த்தையைக் கேட்பது? அவசரத்தில் ஒன்றும் வரவில்லை. துரைக்கண்ணுவின் மடியில் பிரிக்காத டிபன் பாக்ஸ் இருந்தது.

"உள்ள என்ன இருக்கு?"

"லெமன் சாதம் மேடம். சாப்பிடறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடித்தேன். இந்தப் பேட்ச்சுக்கு உங்கள் இப்போதைய முடிவு என்ன? பதிலின் குறிப்பில் 'லெமன் ரைஸ்' என்று எழுதவும். பூட்டி அனுப்பினேன்.

"இன்னா மேடம், டிபன் ஆர்டர் பண்றீங்களா?" என்றார் பரந்தாமன்.

பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். குப்பை வந்தது, திறக்கவில்லை. மறுபடி அனுப்பினேன். குறிப்பில்லாத ரிலீஸ் ஒன்று வந்தது. பரந்தாமன் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மறுபடி அனுப்பினேன். அந்த நேரத்தில் நான் செய்த வேலை அவ்வளவுதான். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கேட்காததற்கு வந்த பதிலைத் தொடாமல் இருப்பது. அதற்கு இவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு ஒரு வரி விழுந்தது. ஹோல்ட். குறிப்பு: லெமன் ரைஸ்.

கயிறு இன்னும் கட்டியே இருக்கிறதா என்று பரந்தாமன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி, "துரை, வா என்கூட," என்று மருந்தாளுநரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். குடோன் மூலையில், முந்தைய பேட்ச்சுகளில் தேறியும் அனுப்பாமல் மிச்சம் நின்ற பெட்டிகளைத் தேடித் தேடி எடுத்தார். வேறு ஊருக்கு ஒதுக்கி வைத்ததையும் எடுத்தார். "அவங்க நாளிக்கி வாங்கிக்கட்டும். கேட்டா நான் சொல்லிக்கிறேன்." எல்லாவற்றையும் வேனில் ஏற்றி டிரைவரை மட்டும் உடனே அனுப்பினார். துரைக்கண்ணு மீதிச் சரக்குக்காக எங்களோடு இருந்துகொண்டார். அது முழுக்கப் பரந்தாமனின் யோசனை. என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தோன்றவே இல்லை.

மழை கொஞ்சம் விட்டது. நாங்கள் காத்திருந்தோம். துரைக்கண்ணு டிபன் பாக்ஸைப் பிரித்தார், மூடினார்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு வரி. ரிலீஸ். குறிப்பு காலி.

இந்த முறை பரந்தாமனே சொன்னார்: "இது செல்லாது. லெமன் ரைஸ் இல்ல."

"லெமன் ரைஸ் இருந்தாலும் இனி செல்லாது சார். அதுவும் இப்ப பழைய வார்த்தை ஆயிடுச்சு. ரிலேவுக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. புது வார்த்தை வேண்டும். துரைக்கண்ணு கேட்காமலேயே டிபன் பாக்ஸின் மேல்தட்டைத் தூக்கிக் காட்டினார். ஊறுகாய்.

கேள்வியை மறுபடி அனுப்பினேன். குறிப்பில் 'பிக்கிள்' என்று எழுதவும். நாலைந்து தடவை அனுப்பிய பிறகு பதில் வந்தது. ரிலீஸ். குறிப்பு: பிக்கிள்.

பரந்தாமன் கயிற்றை அவிழ்க்கவில்லை, அறுத்தார். கம்பெனி லாரியில் சரக்கு ஏறியது. துரைக்கண்ணு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை, அதற்கு நேரமில்லை. எனக்கும் எதிர்பார்ப்பில்லை. நான் கேன்டீனுக்குப் போய் ஆறிப்போன சாம்பார் சாதத்தை நின்றபடியே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மெட்ராஸில் கூட்டம். டெஸ்பாட்ச் ஏன் தாமதம் என்று நிர்வாக இயக்குநர் கேட்டார். நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக, மொதல்லயும் ரிலீஸ், கடைசிலயும் ரிலீஸ். அதே சரக்கு. அதே ஆஸ்பத்திரி. நடுவில் பாதி மதியம் போச்சு. சரியா?" என்றார்.

சரிதான். கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வரும். எங்கள் பிரிவுத் தலைவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் பரிசோதனைக்கூடத்தின் தலைமை கெமிஸ்ட்டும் இருந்தார். வெள்ளைப் புடவை, பெரிய கண்ணாடி, வெடுக்கென்று பேசும் அம்மாள். அதுவரை அவரை நான் திரையில் விழும் வரிகளாக மட்டும் அறிந்திருந்தேன்.

அவர் சொன்னார்: "மருந்தை மூணு முயலுக்கு ஏத்திப் பாத்தோம். தேறிடுச்சுன்னு ரிலீஸ் போட்டேன். அப்புறம் சார்ட்டைத் திரும்பப் பாத்தா ஒரு முயலோட உடம்புச் சூடு எனக்குச் சரியாப் படல. ஹோல்ட் போட்டுட்டு, இன்னும் அஞ்சு முயலுக்கு ஏத்தினேன். இந்தப் பொண்ணு கேட்டப்ப அதுங்க கூண்டுலதான் இருந்துச்சு. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. கடைசில நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பாதி மதியம் அது மருந்து இல்ல சார். பாட்டில்ல தண்ணி, அவ்வளவுதான்."

நிர்வாக இயக்குநர் எங்கள் தலைவரைப் பார்த்து, "இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்?" என்று மட்டும் கேட்டார்.

என்ன செய்தோம் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டுக்கு உள்ளேயே ஒரு வரிசை எண். ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால், அது எவ்வளவு அழகாகத் திறந்தாலும் குப்பை. கொஞ்சம் முன்பின்னாக வந்தால் பரவாயில்லை. ரொம்பப் பழசென்றால் குப்பை. அதைச் செய்து முடிக்கும்வரை ரேடியோவை நிறுத்திவிட்டு, ரிலீஸ் உத்தரவை ஓர் ஆள் மூலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். மெதுவாக வந்தது. ஒரு முறைதான் வந்தது.

உங்களுக்கு நான் சொல்லவந்தது இதுதான். சாவி, யார் எழுதியது என்று சொல்லும். எப்போது எழுதியது என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி அதன் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்கிறோம், அதுவும் ஒருவர் அவசரமாக நிற்கும்போது.

அடுத்த மாதம் துரைக்கண்ணு தன் வழக்கமான நாளில் வந்தார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். முதலில் போன வேன் சரக்கு, லாரி வரும்வரை சரியாகப் போதுமாக இருந்ததாம். எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நிம்மதியைக் காட்டிக்கொள்ளாமல் ரசீதில் முத்திரை குத்தினேன்.

"அன்னிக்கி எம்மேல கோவம் வரலியா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வராமயா? வந்துச்சி. ஜாஸ்தியாவே வந்துச்சி." அவர் சிரித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். எந்தக் கம்பெனி பாட்டிலா இருந்தாலும் சரி, வார்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாப்பேன். தூசி கீதா, விரிசல் கீதான்னு. இத்தினி வருச சர்வீஸுல ஒருநாள் வுட்டதில்ல. அன்னிக்கி லாரி போனப்ப மட்டும் பாக்கல. இந்தம்மா இவ்ளோ நோண்டி அனுப்பியிருக்குது, இதுல இன்னா இருக்கப் போவுதுன்னு அப்படியே எடுத்துக் குடுத்துட்டேன்."

என் முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். முத்திரையைக் கீழே வைத்தேன்.

"இனிமே பாத்துட்டுக் குடுங்க. நான் பாத்தது செய்தியை, பாட்டிலை இல்ல," என்றேன்.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டார். வேனுக்குப் போனார். ஏற்றியிருந்த முதல் பெட்டியைப் பிரித்து, ஒரு பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.